செவ்வாய்க்கிழமை கெஜட்டில் புதுப் பேர்!

கெஜட் என்றதும் கொட்டாவி வருகிறதா? அப்படியானால் நீங்கள் புதுச்சேரி கெஜட்டைப் புரட்டியதில்லை. புரட்டியிருந்தாலும் டெண்டர், பணி மாறுதல் பக்கங்களோடு மூடிவைத்திருப்பீர்கள். விஷயமே கடைசிப் பக்கங்களில்தான் இருக்கிறது!

முதலில் அந்த முகப்பைக் கொஞ்சம் ரசித்துவிடுவோம். உச்சியில் ‘புதுச்சேரி மாநில அரசிதழ்’ என்று நம் தமிழ். அதற்குக் கீழே ‘லா கெஸெத்’ என்று தொடங்கும் பிரெஞ்சு. அப்புறம் ஆங்கிலம். கிழமையைக்கூட மூன்று தடவை சொல்லியாக வேண்டும்: செவ்வாய்க்கிழமை, மர்தி, ட்யூஸ்டே. ஆங்கிலத் தேதி போதாதென்று சக ஆண்டுத் தேதியும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். பிரெஞ்சுக்காரர்கள் 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். அவர்களின் ‘மர்தி’ மட்டும் போக மனசில்லாமல் இங்கேயே தங்கிவிட்டது.

இப்போது அப்படியே பின்பக்கத்துக்கு வாருங்கள். வரிசையாக அஃபிடவிட்டுகள்! “இன்னாரின் மகனாகிய நான், இன்ன வயதுடையவன், இன்ன தெருவில் வசிப்பவன், சத்தியப் பிரமாணம் செய்து உறுதி கூறுவது என்னவென்றால்…” என்ற பாணியில் ஒவ்வொன்றும் கம்பீரமாக ஆரம்பிக்கும். பிறப்புச் சான்றிதழில் ஒரு பேர், ஆதாரில் இன்னொரு பேர், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் வேறொரு பேர். கடைசியில் பொதுவான ஒரு முத்தாய்ப்பு: மேலே கண்ட பேர்கள் எல்லாம் ஒரே நபரையே குறிக்கும், அந்த நபர் நானேதான்!

என்ன ஒரு வசனம்! தன்னைத் தானே அடையாளம் காட்டி, நோட்டரி முன் கையெழுத்துப் போட்டு, அரசாங்க அச்சகம் வரை கொண்டுபோய் நிரூபிக்க வேண்டியிருக்கிறது, “நான்தான் நான்” என்று.

யார் யாரெல்லாம் வருகிறார்கள்?

முதல் கூட்டம் இனிஷியல் கோஷ்டி. அப்பா பேர் ஓர் அட்டையில் முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் முழுசாக. கல்யாணமான பெண்களுக்கு அப்பா இனிஷியலா, புருஷன் இனிஷியலா என்ற பஞ்சாயத்து வேறு. அடுத்து எண்கணிதம் பார்த்தவர்கள். பேரில் ஓர் எழுத்து கூடினால் யோகம் கூடும் என்று ஜோசியர் சொல்லியிருப்பார். மதம் மாறியவர்கள் வருவார்கள். தாத்தா வைத்த பேரைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் மாற்றி எழுதியதால் நாற்பது வருஷமாக இரட்டை வாழ்க்கை வாழ்கிறவர்கள் வருவார்கள்.

பாண்டிக்கே உரிய கோஷ்டி ஒன்று இருக்கிறது: பிரெஞ்சு எழுத்துக்கூட்டல்காரர்கள். நம் ‘உ’ ஓசையை எழுத ஆங்கிலத்தில் ஒற்றை ‘யு’ போதும். பிரெஞ்சுக்காரருக்கு ‘ஓ’வும் ‘யு’வும் சேர்ந்து வந்தால்தான் திருப்தி. அதனால் முத்துவும் சுப்பிரமணியனும் இங்கே ஓரிரு எழுத்து நீளமாகவே பிறந்தார்கள். சுப்பிரமணியனின் வால் பகுதியில் ‘ஏ, என், இ’ என்று ஒரு கொசுறு வேறு. பழைய பதிவேட்டில் பிரெஞ்சு வாசம் வீசும் தாத்தா, பள்ளிக்கூடச் சான்றிதழில் இங்கிலீஷ் மயமான அப்பா, ஆதார் கம்ப்யூட்டரில் எப்படியோ விழுந்த பேரன். ஒரே குடும்பம், மூன்று எழுத்துக்கூட்டல். பாஸ்போர்ட் ஆபீசில் இதை விளக்கிச் சொல்லிப் பாருங்கள்!

இந்தக் கூட்டத்துக்கு நடுவேதான், பேரோடு பாலினத்தையும் தாளில் சரிசெய்து வாங்கப் போராடிய திருநங்கைகளும் திருநம்பிகளும் நிற்க வேண்டியிருந்தது. அவர்கள் கதைக்கு வருவதற்கு முன்னால், இந்த ஊரின் பழைய பீரோ ஒன்றைத் திறந்துகாட்டாமல் விட முடியாது.

செருப்புக் கால் வழக்கும் ‘கதவு’க்காரரும்

வருஷம் 1873. பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வக்கீல், ஐரோப்பிய பாணிச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குள் நுழைகிறார். நீதிபதிக்குக் கோபமான கோபம்! நாட்டுக்காரர்கள் நாட்டு முறைப்படி வர வேண்டுமாம். பொன்னுத்தம்பி விடவில்லை. வழக்கு பாரிஸின் உச்ச நீதிமன்றம்வரை கப்பலேறிப் போனது. ஜெயித்தும் வந்தார்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் நமக்கு வேண்டிய காட்சி. 1881 செப்டம்பர் 21 அன்று பிரெஞ்சு அரசு ஓர் ஆணை போட்டது. 21 வயதான எவரும், ஆணோ பெண்ணோ, எந்தச் சாதியோ எந்த மதமோ, அதிகாரி முன் வந்து, தன் சாதி மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வரலாம். வருகிறவர் அங்கேயே, அப்போதே, தனக்கும் தன் சந்ததிக்கும் ஒரு குடும்பப் பேரைத் தேர்ந்தெடுத்துச் சொல்லிவிட வேண்டும். ஒரு தடவை சொன்னால் சொன்னதுதான். திரும்பப் பெற முடியாது.

நினைத்துப் பாருங்களேன் அந்த மேஜையை! இந்தப் பக்கம் பேனாவை மையில் தோய்த்துக்கொண்டு எழுத்தர். அந்தப் பக்கம் நேற்றுவரை சாதிப் பேரோடு அழைக்கப்பட்ட ஒருவர். “என்ன பேர் போட?” என்ற கேள்வி. அப்பா பேரையே குடும்பப் பேராக்கிக்கொண்டவர்கள் உண்டு. பிரெஞ்சுப் பேராகவே எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. நம் சப்பாத்து வக்கீல் என்ன எடுத்தார் தெரியுமா? ‘லப்போர்த்’. பிரெஞ்சில் கதவு! கதவைத் திறந்துவிட்டவர் நான் என்று பேரிலேயே பலகை மாட்டிக்கொண்டார் மனுஷன். புதுச்சேரியில் இன்றைக்கும் லப்போர்த் வீதி இருக்கிறது.

இப்படி மாறியவர்களுக்கு ‘ரெனோன்சான்’ என்று பேர். சாதி அடுக்கில் கீழே தள்ளப்பட்டவர்கள் பலர் இந்த வழியில் போனதற்குக் காரணத்தை நான் விளக்கத் தேவையில்லை. பேரே ஊருக்குச் சாதியைச் சொல்லிக் கொடுத்த காலம். ஒரு கையெழுத்தில் அந்த ஒட்டு உரியும் என்றால் யார்தான் மாட்டேன் என்பார்கள்?

ஊரும் லேசுப்பட்டதில்லை. தன் பேரையே சட்டப்படி மாற்றிக்கொண்ட ஊர் இது! நாடாளுமன்றத்தில் தனிச் சட்டம் போட்டு, 2006 அக்டோபர் 1 முதல் ‘பாண்டிச்சேரி’ ஆவணங்களில் ‘புதுச்சேரி’ ஆனது. ஆனால் 1985-ல் தொடங்கிய மத்தியப் பல்கலைக்கழகம் இன்னும் ‘பாண்டிச்சேரி பல்கலைக்கழகம்’தான். வண்டி நம்பர் பிளேட்டில் ‘பி ஒய்’. பஸ் கண்டக்டர் வாயில் ‘பாண்டி பாண்டி’. ஆக, ஊரின் ஆவணங்களிலேயே பேர் ஒத்துப்போகவில்லை. அதற்காக யாராவது ஊரைப் பார்த்து “நீதான் அந்த ஊரா? அஃபிடவிட் எங்கே?” என்று கேட்கிறார்களா? மனுஷனைத்தான் கேட்கிறார்கள்.

ஐந்து படிவங்கள், ஒரு சான்றிதழ்

இனி மெயின் பிக்சர். ஆரம்பம் 2014 ஏப்ரல் 15. தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு தொடுத்த ‘நால்சா’ வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் கே.எஸ். ராதாகிருஷ்ணனும் ஏ.கே. சிக்ரியும் தீர்ப்புச் சொன்னார்கள்: தன் பாலினம் எது என்று தீர்மானிக்கும் உரிமை அந்த நபருக்கே. ஆணாக, பெண்ணாக, மூன்றாம் பாலினமாக, எப்படி உணர்கிறாரோ அப்படி அரசு அங்கீகரிக்க வேண்டும். அறுவை சிகிச்சை செய்தால்தான் ஒப்புக்கொள்வோம் என்று கேட்பதே சட்டவிரோதம்.

தீர்ப்பு வந்தது சரி, கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு படிவம் வேண்டுமே! அது வர இன்னும் ஆறு வருஷம் ஆனது. திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 2019-ல் நிறைவேறி, 2020 ஜனவரி 10 அன்று நடைமுறைக்கு வந்தது. விதிகள் 2020 செப்டம்பரில். இணையதளம் அதே வருஷம் நவம்பர் 25-ல். அந்த விதிகள் போட்டுக் கொடுத்த பாதையைத்தான் இப்போது உள்ளே புகுந்து பார்க்கப்போகிறோம்.

மொத்தம் ஐந்து படிவங்கள். முதலாவது விண்ணப்பம். இரண்டாவது அஃபிடவிட். மூன்றாவது மாவட்ட மாஜிஸ்திரேட், அதாவது நம் கலெக்டர், கையெழுத்துப் போட்டுத் தரும் அடையாளச் சான்றிதழ். நான்காவது, சிகிச்சைக்குப் பிறகு ஆண் அல்லது பெண் என்று திருத்தித் தரும் சான்றிதழ். ஐந்தாவது கையடக்க அடையாள அட்டை.

இந்த ஐந்தில் கதாநாயகன் யார் என்று கேட்டால் நான் இரண்டாவதைத்தான் காட்டுவேன். அது நீங்களே எழுதித் தரும் உறுதிமொழி. பிறந்தபோது எனக்கு எழுதப்பட்ட பாலினமும் நான் உணரும் பாலினமும் ஒன்றல்ல, நான் ஒரு திருநர் என்று அதில் சொல்கிறீர்கள். இதை வைத்துக்கொண்டு, எந்த உடல் பரிசோதனையும் மருத்துவப் பரிசோதனையும் இல்லாமல் மூன்றாம் படிவச் சான்றிதழ் தர வேண்டும் என்றன 2020 விதிகள். கெடு 30 நாள். அந்த மாவட்டத்தில் தொடர்ந்து 12 மாதம் வசித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நிராகரித்தால் காரணம் சொல்லியாக வேண்டும். 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

நான்காம் படிவத்துக்கு வரும்போது சட்டம் முகத்தைச் சுளிக்கிறது. ‘திருநர்’ என்று மட்டும் இல்லாமல் ‘பெண்’ என்றோ ‘ஆண்’ என்றோ சான்றிதழ் வேண்டுமானால், 2019 சட்டம் மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அல்லது தலைமை மருத்துவ அலுவலரின் சான்றைக் கேட்டது. 2014-ல் உச்ச நீதிமன்றம் கூடாது என்றதை 2019-ல் நாடாளுமன்றம் பின்வாசல் வழியாக அழைத்துவந்த கதை இது. திருநர் அமைப்புகள் அன்றைக்கே கொதித்தெழுந்தன. அந்தக் கொதிப்பில் நியாயம் இருக்கிறது.

விதிகளுக்குள் ஓர் அழகான வரி ஒளிந்திருக்கிறது, அதையும் காட்டிவிடுகிறேன். சான்றிதழும் அட்டையும் கைக்கு வந்தபின் ரேஷன் கார்டோ, பான் கார்டோ, மார்க் ஷீட்டோ எதைத் திருத்தச் சொன்னாலும், அதைக் கொடுத்த அலுவலகம் 15 நாளுக்குள் பேர், பாலினம், போட்டோ மூன்றையும் மாற்றித் தர வேண்டும். வரிசை எண்ணை மட்டும் மாற்றக் கூடாது! பிரமாதமான ஏற்பாடு அல்லவா? ஆள் புதுசு, எண் பழசு. அதனால் பி.எஃப். பணமோ, சீனியாரிட்டியோ, வாங்கிய பட்டமோ நடுவில் அறுந்து விழாது. இந்த ஒரு வரியை எழுதியவர் யாரோ, அவருக்கு அரசாங்க அலுவலகம் எப்படி ஓடுகிறது என்று நன்றாகவே தெரிந்திருக்கிறது.

அட்டைகளின் அணிவகுப்பு

சான்றிதழ் கையில் வந்தாயிற்று. அடுத்து? விவரம் தெரிந்தவர்கள் முதலில் ஆதாரைத்தான் பிடிப்பார்கள். வங்கி, சிம் கார்டு, ரேஷன் என்று எங்கே போனாலும் அதைத்தானே நீட்டச் சொல்கிறார்கள். ஆனால் உஷார்! ஆதார் ஆணையம் 2019-ல் வைத்த கட்டுப்பாட்டின்படி பேரை இரண்டு தடவைதான் மாற்றலாம். பாலினத்தை ஒரே தடவைதான். அதனால் எழுத்துக்கூட்டலை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். “வித்யாவுக்கு ஒரு ‘எச்’சா, ரெண்டு ‘எச்’சா” என்று கவுன்ட்டரில் நின்று யோசிக்கக் கூடாது.

பான் கார்டு ரொம்ப நாள் அடம்பிடித்தது. விண்ணப்பத்தில் ஆண், பெண் என்று இரண்டே கட்டம். ஆதாரில் திருநர் என்று இருந்தவர்கள் பானை ஆதாரோடு இணைக்க முடியாமல் தவித்தார்கள். 2018-ல்தான் மூன்றாவது கட்டம் சேர்ந்தது. வாக்காளர் பட்டியலில் 2009-லேயே ‘இதரர்’ என்ற பிரிவு வந்துவிட்டது. ஓட்டுக் கேட்பதில் மட்டும் என்ன ஒரு சுறுசுறுப்பு!

எல்லாவற்றிலும் கடைசிவரை முரண்டுபிடிப்பது மார்க் ஷீட். வேலைக்குப் போகும் இடத்தில் அதுதான் காலை வாரும். பிரித்திகா யாஷினியை நினைவிருக்கிறதா? தமிழ்நாட்டில் எஸ்.ஐ. வேலைக்கு விண்ணப்பித்தார். விண்ணப்பத்தில் இருந்த பேரும் சான்றிதழ்களில் இருந்த பேரும் ஒத்துப்போகவில்லை என்று தள்ளுபடி செய்தார்கள். அவர் உயர் நீதிமன்றப் படியேறினார். 2015 நவம்பரில் தீர்ப்பு அவர் பக்கம். 2017-ல் தர்மபுரியில் காக்கிச் சட்டையோடு நின்றார், இந்தியாவின் முதல் திருநங்கை எஸ்.ஐ.யாக. பேர் ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பியதே அந்தப் பேரைத் தேசத்துக்கே தெரியவைத்துவிட்டது!

ஒரே தெரு, இரண்டு தண்டவாளம்

இனிமேல் வருவது புதுச்சேரிக்கே உரிய ஸ்பெஷல். 1956-ல் கையெழுத்தான ஒப்படைப்பு ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16 அன்று அமலுக்கு வந்தது. அதிலிருந்து ஆறு மாதத்துக்குள், விரும்பியவர்கள் எழுதிக்கொடுத்து பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம். வைத்துக்கொண்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் இங்கே இருக்கிறார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர் வீட்டை ‘சொல்தா வீடு’ என்று ஊரே அடையாளம் சொல்லும்.

அப்படி ஒரு சொல்தா வீட்டுப் பேத்தி திருநங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குக் கலெக்டர் ஆபீஸ் வழி கிடையாது. சட்டப்படி அவர் பிரெஞ்சுக் குடிமகள். முதற்பேரை மாற்ற பிரெஞ்சுப் பதிவு அதிகாரியிடம் மனு. பாலினத்தை மாற்ற பிரெஞ்சு நீதிமன்றம். பிரான்ஸ் 2016 நவம்பர் 18 தேதியிட்ட சட்டத்தில் தெளிவாகச் சொல்லிவிட்டது: மருத்துவமோ அறுவை சிகிச்சையோ செய்துகொள்ளவில்லை என்பதைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது. வெளிநாட்டில் பிறந்த பிரெஞ்சுக்காரர்களின் பதிவுகள் நாந்த் நகரத்தின் மையப் பதிவகத்தில் இருக்கின்றன. திருத்தமும் அங்கேதான் ஏற வேண்டும். பாண்டியில் பிறந்தவரின் பேர் நாந்தில் மாறும்!

எதிர்வீட்டுத் தோழி இந்தியக் குடிமகள். அவருக்குக் கலெக்டர், அஃபிடவிட், ஐந்து படிவம். இருவரும் சாயங்காலம் ஒரே பீச் ரோட்டில்தான் காற்று வாங்குவார்கள். ஒருத்தருக்கு நீதிபதி கேட்பது ஒன்று, இன்னொருத்தருக்குக் கலெக்டர் கேட்பது ஒன்று. கடற்கரை ஒன்றுதான், சட்டம் இரண்டு. உலகத்தில் எத்தனை ஊரில் இப்படி ஒரு கூத்து நடக்கும் சொல்லுங்கள்!

கூத்து என்றதும் கூத்தாண்டவர் ஞாபகம் வருகிறார். திருநங்கைகள் கூடும் கூவாகம் திருவிழாவை உலகமே அறியும். புதுச்சேரிக்குள்ளேயே பிள்ளையார்குப்பத்திலும் கூத்தாண்டவர் கோயில் திருவிழா உண்டு. அங்கேயும் திருநங்கைகள் தாலி கட்டிக்கொள்ள வருவார்கள். சாமி சந்நிதியில் யாரும் அடையாள அட்டை கேட்பதில்லை. மறுநாள் வீடு வாடகைக்குக் கேட்டுப் போனால் கேட்கிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் புதுச்சேரி யூனியன் பிரதேசம் முழுக்க ‘இதரர்’ என்று பதிவானவர்கள் 252 பேர். நாடு முழுக்க 4.88 லட்சம். கணக்கில் வந்தவர்கள் இவ்வளவு. சொல்லத் தயங்கி ஆண் பெண் கட்டத்துக்குள்ளேயே ஒதுங்கியவர்கள் இதில் இல்லை.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை

எட்டிப்பார்த்தது போதும். நிஜமாகவே இந்த வரிசையில் நிற்கப்போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சட்டங்களும் விதிகளும் திருத்தத்துக்கு உள்ளாகிறவை. மனு போடும் அன்றைய நிலவரத்தை சமூக நலத்துறையிலோ, இலவச சட்ட உதவி மையத்திலோ, ‘சகோதரன்’ போல ஊரில் வேலை செய்யும் அமைப்புகளிலோ விசாரித்துக்கொள்ளுங்கள். சட்டம் வருவதற்கு முன்பே ஆவணத்தில் பாலினத்தை மாற்றிவிட்டவர்கள் மறுபடி விண்ணப்பிக்கத் தேவையில்லை என்று 2020 விதிகளிலேயே இருக்கிறது; யாராவது அலையவிட்டால் அதைக் காட்டுங்கள். எழுத்துக்கூட்டலை ஒரு தாளில் எழுதிவைத்து, எல்லா இடத்திலும் அதையே பார்த்து நிரப்புங்கள். பழைய அட்டைகளின் ஜெராக்ஸைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். பழையவரும் நீங்களே என்று என்றைக்காவது ஒரு கிளார்க் நிரூபிக்கச் சொல்வார். கொடுத்த மனுவுக்குத் தேதி போட்ட ரசீது கட்டாயம் வாங்குங்கள். 30 நாள், 15 நாள் கணக்கெல்லாம் அந்தத் தேதியிலிருந்துதான்.

கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எதிரில் நிற்பவரின் பழைய பேரைச் சத்தம் போட்டு வாசிக்காதீர்கள். அது உங்கள் கோப்புக்கு மட்டும் தெரிந்தால் போதும். 1881 ஆணைக் காலத்திலேயே இந்த ஊர் எழுத்தர் ஒருவர் “என்ன பேர் போட?” என்று கேட்டு, சொன்னதை எழுதிக்கொண்டிருக்கிறார். அதற்கு மேல் உங்களிடமும் யாரும் எதிர்பார்க்கவில்லை.